புரோட்டீன் ‘நில்’, கிரியேட்டினின் ‘நார்மல்’: குடியாத்தம் பகுதியில் ஒரு சர்க்கரை நோயாளியின் சிறுநீரகப் பாதிப்பு தெரியவந்த விதம்

இது குடியாத்தத்தை அடுத்த ஒரு கிராமத்தில் வாழும் 54 வயதுப் பெண்ணைப் பற்றிய நிகழ்வு ஆய்வு. அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர், ஊர், சிகிச்சை பெற்ற இடங்கள் ஆகியவற்றை விட்டிருக்கிறேன். சிறிய ஊர்களில் சர்க்கரை நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர்கள், செவிலியர்கள், லேப் டெக்னீஷியன்களை மனதில் வைத்து எழுதியது. நோயாளிகளின் வீட்டாரும் படிக்கலாம்.

பின்னணி

அவருக்கு 9 ஆண்டுகளாகச் சர்க்கரை, 4 ஆண்டுகளாக இரத்த அழுத்தம். தொழில் பீடி சுற்றுவது. வீட்டுத் திண்ணையில் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு காலையில் உட்கார்ந்தால், ஆயிரம் பீடி தேறுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். நடுவில் எழுந்தால் கணக்கு குறையும். அதனால் பகலில் தண்ணீரைக் குறைத்தே குடிப்பார், சிறுநீர் வந்தாலும் அடக்கிக்கொள்வார். இந்தத் தொழிலில் இருக்கும் பெண்களிடம் சிறுநீர்த் தொற்றை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

இடுப்பு வலிக்கும் விரல் வலிக்கும் பக்கத்து மெடிக்கலில் ‘செட்’ மாத்திரை வாங்கிப் போடுவார். துண்டுக் காகிதத்தில் மூன்று நான்கு மாத்திரையாக மடித்துக் கொடுப்பதைத்தான் இங்கே செட் என்கிறோம். அவர் கொண்டுவந்த செட்டில் ஒன்று டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரை. வாரத்தில் மூன்று நான்கு நாள் அதைப் போட்டிருக்கிறார்.

சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, பி.பி.க்கு அம்லோடிபின் 5 மி.கி. இவை 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வந்துகொண்டிருந்தன. மாத்திரையை அவர் தவறவிட்டதே இல்லை. ஆண்டுக்கொரு முறை யூரின் டெஸ்ட், கிரியேட்டினின் டெஸ்ட் இரண்டும் எடுத்திருந்தார். ஜவுளிக்கடைப் பை ஒன்றில் எல்லாச் சீட்டும் பத்திரமாக இருந்தன. எல்லாவற்றிலும் ‘ஆல்புமின்: நில்’, அதாவது சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் இல்லை. சிறுநீரகம் இரத்தத்திலிருந்து வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் 0.8 அல்லது 0.9, அதுவும் ‘நார்மல்’. சொன்னதையெல்லாம் சொன்னபடி செய்த ஒருவர் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இவருக்கு நேர்ந்தது அலட்சியத்தால் நேர்ந்ததல்ல.

முதல் வருகை: நவம்பர்

பெங்களூரில் வேலை பார்க்கும் மகன், வீட்டுக்கே வந்து சாம்பிள் எடுக்கும் ஒரு தனியார் லேபில் ‘கிட்னி பேக்கேஜ்’ பதிவு செய்திருந்தார். அந்த ரிப்போர்ட்டில் சிறுநீர் ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதம் (ஏ.சி.ஆர்.) 412 மி.கி./கிராம் என்று இருந்தது. 30க்குக் கீழே இருப்பது இயல்பு. 30 முதல் 300 வரை மிதமான கசிவு, 300க்கு மேல் கடுமையான கசிவு. கூடவே என்கால் (NGAL) என்ற புதிய குறியீடும் மிக அதிகம் என்று சிவப்பில் அச்சாகியிருந்தது. இணையத்தில் தேடிப் பார்த்த மகன் போனிலேயே அழுதிருக்கிறார்.

அம்மா என்னிடம் கேட்டது இதுதான்: “இன்னா டாக்டரம்மா, வருசா வருசம் நில்லுன்னுதானே வந்துக்கினு இருக்குது? இப்ப திடீர்னு கிட்னி போச்சுன்றானே எம்புள்ள?”

நியாயமான கேள்வி. ஒரு பக்கம் பல வருட ‘நில்’, இன்னொரு பக்கம் 412. இரண்டில் எதை நம்புவது?

அன்று கண்டவை: இரண்டு நாளாகக் காய்ச்சல், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல். பி.பி. 148/90. காலில் வீக்கம் இல்லை. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (ஹெச்.பி.ஏ.1சி) 9.1 சதவீதம். கிரியேட்டினின் 0.9. வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் சிறுநீரக வடிகட்டும் திறன் (இ.ஜி.எஃப்.ஆர்.) 76. சிறுநீரில் சீழ் அணுக்கள் நிறைய, கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்) இ.கோலை கிருமி வளர்ந்தது. பேக்கேஜுக்குச் சாம்பிள் கொடுத்த அன்றே எரிச்சல் தொடங்கியிருந்ததை, கேட்ட பிறகுதான் மகள் சொன்னார்.

முதல் முடிவு: 412ஐக் கணக்கில் எடுக்காதது

சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், கட்டுக்கடங்காத சர்க்கரை, மிகையான பி.பி., மாதவிலக்கு, இதயச் செயலிழப்பு, முந்தைய 24 மணி நேரத்தில் செய்த கடும் உழைப்பு — இவற்றில் எது இருந்தாலும் ஏ.சி.ஆர். தற்காலிகமாக ஏறும். இவருக்கு முதல் மூன்றுமே இருந்தன. எந்த உடல்நலக் கேடும் இல்லாதவருக்கே இந்த அளவு நாளுக்கு நாள் கணிசமாக மாறும். அதனால்தான் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் எடுக்கும் மூன்று சாம்பிள்களில் இரண்டாவது உயர்ந்திருந்தால் மட்டுமே ஆல்புமின் கசிவு உறுதி என்பது வழிமுறை.

ஆகவே கல்ச்சர் முடிவுப்படி ஆன்டிபயாடிக் கொடுத்தோம். செட் மாத்திரையை அன்றோடு நிறுத்தினோம், வலிக்குப் பாராசிட்டமால். சர்க்கரை மாத்திரைகளின் அளவை மாற்றினோம். தொற்று முழுமையாகத் தீர்ந்த பிறகு, ஆறு வாரம் கழித்து மறுபடி பார்ப்பதென்று முடிவு செய்தோம். மகனுக்குப் போனில் நானே பேசினேன். “காத்திருக்கிறதா? இந்த நிலைமையிலா?” என்றார். இப்போது மருந்து ஆரம்பித்தால் உண்மையான அளவு என்ன என்பது கடைசிவரை நமக்குத் தெரியாமலே போய்விடும், வடிகட்டும் திறன் 76 என்று இருப்பதால் ஆறு வாரத்தில் எதுவும் கைமீறாது என்று விளக்கிய பிறகு ஒத்துக்கொண்டார்.

இரண்டாவது முடிவு: பழைய ‘நில்’லையும் நம்பாதது

சாதாரண யூரின் டெஸ்டில் பயன்படும் பட்டை, சிறுநீரில் ஆல்புமின் எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்பதை நிறமாற்றத்தில் காட்டும். லிட்டருக்கு ஏறத்தாழ 150 முதல் 300 மி.கி. வரை எட்டினால்தான் அது நிறம் மாறும். ஆரம்பக் கட்டக் கசிவு அதற்குக் கீழேதான் இருக்கும். போதாக்குறைக்கு, லேபில் சிறுநீர் வரவில்லை என்று ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சாம்பிள் கொடுப்பது இங்கே வழக்கம். நீர்த்துப்போன சிறுநீரில் இருக்கிற கொஞ்சமும் கண்ணுக்குத் தப்பிவிடும். ஆல்புமினைக் கிரியேட்டினினால் வகுப்பது இதற்காகத்தான். தண்ணீர் கூடினால் இரண்டும் சேர்ந்தே நீர்க்கும்; விகிதம் பெரிதாக மாறாது. சில லேப்களில் ‘மைக்ரோ ஆல்புமின்’ என்று லிட்டருக்கு இத்தனை மி.கி. மட்டும் போட்டுக் கொடுக்கிறார்கள். விகிதம் இல்லாமல் அந்த எண்ணை வைத்துக்கொண்டு முடிவெடுக்க முடியாது.

கிரியேட்டினின் விஷயமும் இதுபோலத்தான். சிறுநீரகத் திறனில் பாதியளவு போகும்வரைகூட அது ‘நார்மல்’ எல்லைக்குள் இருக்கலாம். அது தசையிலிருந்து வருவது. மெலிந்த உடல்வாகுள்ள பெண்களுக்கு இயல்பாகவே குறைவாக இருக்கும்.

அந்த அம்மாவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. புகையிலைத் தூள் சலிக்கும் சல்லடையில் கண்ணி விட்டுப்போனால் முதலில் பொடிதான் இறங்கும், காம்பு இறங்க நாளாகும். பழைய டெஸ்ட் காம்பைத்தான் பார்க்கும், புதியது பொடியைப் பார்க்கும் என்று சொன்னேன். உடனே புரிந்துகொண்டார்.

1960களில் லண்டனில் ஹாரி கீன் குழுவினர் மிகக் குறைந்த அளவு ஆல்புமினை அளக்கும் முறையைக் கண்டார்கள். இந்தச் சிறு கசிவு உள்ள சர்க்கரை நோயாளிகளுக்குப் பின்னாளில் பெருங்கசிவும் முன்கூட்டிய மரணமும் வருகின்றன என்பதை 1984இல் டென்மார்க்கின் மொகென்சன் காட்டினார். அதற்குப் பிறகு இத்தனை ஆண்டுகள் கடந்தும் எங்கள் பகுதி நோயாளிகளின் பைகளில் பட்டை டெஸ்ட் சீட்டுகளே நிறைந்திருக்கின்றன. இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை 1971இல் வேலூர் சி.எம்.சி.யில்தான் நடந்தது. டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம் என்ற சொற்கள் இங்கே பாமரருக்கும் தெரியும். ஏ.சி.ஆர். என்ற மூன்றெழுத்தும் அதேபோலத் தெரிய வேண்டும் என்பது என் ஆசை. சில நூறு ரூபாயில் முடியும் டெஸ்ட் அது.

என்கால் பற்றி

மகனுடைய பயத்தில் பாதி இந்தக் குறியீட்டினால் வந்தது. என்கால், கிம்-1 போன்றவை சிறுநீரகக் குழாய்ச் செல்கள் காயப்படும்போது சிறுநீரில் கூடும் புரதங்கள். ஆல்புமின் வடிகட்டியின் நிலையைச் சொல்கிறது. இவை குழாய்களின் நிலையைச் சொல்கின்றன. சர்க்கரை நோயில் ஆல்புமின் கசிவதற்கு முன்பே குழாய்கள் பாதிக்கப்படலாம் என்று ஆய்வுகள் சொல்வதால் இவற்றின் மேல் நம்பிக்கை வைத்திருக்கிறார்கள். ஆனால் என்காலை வெள்ளணுக்களும் சுரக்கின்றன; சீழ் அணுக்கள் என்பவை வெள்ளணுக்களே. சீழ் அணுக்கள் நிறைந்த சிறுநீரில் அது உயர்ந்திருப்பதை வைத்துச் சிறுநீரகத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பில் அதற்கு ஓர் இடம் உண்டு. சர்க்கரை நோயாளியின் வருடாந்தரப் பரிசோதனையில் எந்த எண்ணுக்கு மேல் என்ன செய்வது என்ற வரையறை அதற்கு இல்லை.

சிறுநீரிலுள்ள பல புரதத் துணுக்குகளைச் சேர்த்துக் கணக்கிடும் சி.கே.டி.273 என்ற முறையை ஐரோப்பாவில் 1,775 பேரிடம் சோதித்தார்கள். முடிவு 2020இல் வெளியானது. அபாயம் அதிகம் என்று அது காட்டியவர்களுக்குப் பின்னர் ஆல்புமின் கசிவு கூடுதலாகவே வந்தது. ஆனால் அவர்களுக்கு முன்கூட்டியே ஸ்பைரனோலாக்டோன் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தும் அதைத் தடுக்க முடியவில்லை. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வின்படி நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருக்கிறது. அவர்களில் ஏ.சி.ஆர். ஒருமுறைகூடப் பார்க்காதவர்கள் இருக்கும்போது, முடிவை மாற்றாத ஒரு டெஸ்டுக்குப் பணம் செலவழிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என்காலைத் திரும்ப எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி, பிப்ரவரி: இரண்டு காலைச் சாம்பிள்கள்

இந்த முறை டப்பாவை முந்தைய நாளே கொடுத்தனுப்பினோம். காலையில் எழுந்ததும் முதல் சிறுநீர், அதிலும் நடுவில் வருவது. முந்தைய நாள் விறகு தூக்குவது, தண்ணீர்க்குடம் சுமப்பது வேண்டாம் என்றோம். காய்ச்சல், எரிச்சல் இருந்தால் தேதியை ஒத்திப்போடச் சொன்னோம். மகள் காலை பஸ்ஸிலேயே கொண்டுவந்தார்.

ஜனவரிச் சாம்பிளில் சீழ் அணுக்கள் இல்லை, சிவப்பணுக்கள் இல்லை. ஆல்புமின் லிட்டருக்கு 118 மி.கி., கிரியேட்டினின் டெசிலிட்டருக்கு 92 மி.கி. ஏ.சி.ஆர். 128. அதே டப்பாவில் மகளின் கண் முன்னாலேயே பட்டையை நனைத்துக் காட்டினோம். நிமிடம் கழித்தும் அது மஞ்சளாகவே இருந்தது. அதாவது ‘நில்’. ஒரே டப்பா, ஒரே சிறுநீர். மகள் பட்டையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்ப அந்தச் சீட்டெல்லாம்?” என்றார். அந்த லேப்கள் பொய் சொல்லவில்லை, பட்டைக்குத் தெரிந்ததை அவர்கள் எழுதினார்கள் என்றேன்.

பிப்ரவரி இறுதியில் எடுத்த அடுத்த காலைச் சாம்பிளில் 143. தொற்றில்லாத இரண்டு சாம்பிள்கள் ஒன்றுக்கொன்று பக்கத்தில் நின்றன. முதல் ரிப்போர்ட் காட்டிய 412 உண்மையல்ல. பழைய சீட்டுகள் காட்டிய பூச்சியமும் உண்மையல்ல.

இது சர்க்கரையால்தானா என்பது அடுத்த கேள்வி. விழித்திரைப் பரிசோதனைக்கு அனுப்பினோம்; ஆரம்பநிலை ரெட்டினோபதி, அதாவது சர்க்கரையால் வரும் விழித்திரைப் பாதிப்பு, இருந்தது. ஸ்கேனில் இரு சிறுநீரகங்களும் இயல்பான அளவு, கல் இல்லை. சிறுநீரில் இரத்தமில்லை, கசிவு திடுமென ஏறவுமில்லை. இவையெல்லாம் சர்க்கரையால் வந்த பாதிப்பு என்ற பக்கமே சாய்ந்தன. சிறுநீரகத்திலிருந்து சிறு துணுக்கை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி தேவைப்படவில்லை.

சிகிச்சை: எதை எப்போது, ஏன்

பி.பி. அப்போது 142/86. வலி மாத்திரையை நிறுத்தியதிலேயே கொஞ்சம் இறங்கியிருந்தது. மார்ச்சில் டெல்மிசார்ட்டான் 40 மி.கி. சேர்த்தோம். இந்த வகை மருந்துகள் பி.பி.யைக் குறைப்பதோடு வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தத்தையும் தனியாகக் குறைக்கும். இதே குடும்பத்து லோசார்ட்டானும் இர்பசார்ட்டானும் சர்க்கரைச் சிறுநீரக நோயின் வேகத்தைக் குறைப்பதை 2001இலேயே பெரிய ஆய்வுகள் நிறுவின. இரண்டு வாரத்தில் கிரியேட்டினின் 0.9இலிருந்து 1.0 ஆனது, பொட்டாசியம் 4.3இலிருந்து 4.8. மகன் மீண்டும் பதறினார். கிரியேட்டினினில் 30 சதவீதம் வரையிலான ஏற்றத்தை எதிர்பார்த்தே இந்த மருந்தைத் தொடங்குகிறோம் என்பதை முன்கூட்டியே சீட்டில் எழுதிக் கொடுத்திருந்ததால், மருந்தை அவர்களாக நிறுத்தவில்லை.

அடுத்து, சர்க்கரையைக் குறைப்பதோடு சிறுநீரகத்தையும் காக்கும் டாபாக்ளிஃப்ளோசின் 10 மி.கி. 2020இல் காப்புரிமை முடிந்த பிறகு இந்தியாவில் இதன் விலை வெகுவாக இறங்கிவிட்டது. மாதாமாதம் வாங்கக் கூடியதாக இருந்தது. ஆனால் இந்த மருந்து சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றுவதால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம். சமீபத்தில் சிறுநீர்த் தொற்று வந்தவர், பகலெல்லாம் சிறுநீரை அடக்குபவர். அதனால் டெல்மிசார்ட்டானோடு சேர்த்தே தொடங்காமல் ஒரு மாதம் தள்ளி ஏப்ரலில் ஆரம்பித்தோம். அந்த ஒரு மாதத்தில் செவிலியர் அவரோடு உட்கார்ந்து பேசினார்: முறத்துக்குப் பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர், நூறு நூறு பீடிக்கு ஒருமுறை எழுந்து போய் வருவது, சுத்தம். அக்கம்பக்கத்தில் சொன்னார்கள் என்று நாளுக்கு ஐந்து லிட்டர் குடிக்கத் தொடங்கியிருந்தார். அது வேண்டியதில்லை என்றோம். கருவாடு, ஊறுகாய், அப்பளத்தைக் குறைத்து மொத்த உப்பை நாளைக்கு ஒரு டீஸ்பூனுக்குள் கொண்டுவருவதுதான் அவருக்குப் பெரிய பாடாக இருந்தது. கூழுக்கு ஊறுகாய் இல்லாமல் எப்படி என்றார். மோர் மிளகாய்க்கும் அதே உப்புதான் என்பதால் சின்ன வெங்காயத்துக்கு மாறினார்.

அவரிடம் ஓர் அட்டையும் கொடுத்தோம். வாந்தி, பேதி, காய்ச்சல், சாப்பிடாமல் இருக்கும் விரத நாள் — இவற்றில் எது வந்தாலும் டெல்மிசார்ட்டான், டாபாக்ளிஃப்ளோசின், மெட்ஃபார்மின் மூன்றையும் நிறுத்தி வைத்துவிட்டு எங்களுக்குப் போன் செய்ய வேண்டும் என்று தமிழில் பெரிய எழுத்தில். மூன்று மாத்திரை அட்டைகளிலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிக் காட்டினோம்.

மே: வெயிலும் பேதியும்

வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. வீடு நிறைய விருந்தாளிகள், வேலூர் வெயில், வெளிச்சாப்பாடு. திருவிழா முடிந்த கையோடு அவருக்குப் பேதி பிடித்தது. மகள் அட்டையை எடுத்துப் பார்த்துச் சிவப்பு ஸ்டிக்கர் மாத்திரைகளை நிறுத்திவிட்டுப் போன் செய்தார். உப்பு–சர்க்கரைக் கரைசல் கொடுக்கச் சொன்னோம், மறுநாள் வரவழைத்துப் பார்த்தோம். கிரியேட்டினின் 1.1, வடிகட்டும் திறன் 60. பேதி நின்று, சாப்பிடத் தொடங்கிய பின் மாத்திரைகளை மறுபடி ஆரம்பித்தோம். இரண்டு வாரத்தில் கிரியேட்டினின் 1.0க்குத் திரும்பியது. அந்த வெயிலில், அந்த நீரிழப்பில் மூன்று மாத்திரைகளும் தொடர்ந்திருந்தால் மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வந்திருக்கலாம். இந்த நிகழ்வில் மருந்துச் சீட்டைவிட அந்த அட்டைதான் அதிகம் உதவியது என்று நினைக்கிறேன்.

ஓராண்டு முடிவில்

ஏ.சி.ஆர். ஆகஸ்டில் 61, அடுத்த பிப்ரவரியில் 44. பி.பி. 128/78. மூன்று மாதச் சராசரி 7.4. கிரியேட்டினின் 1.0, வடிகட்டும் திறன் 67. பூஞ்சைத் தொற்று ஒருமுறை வந்து களிம்பில் சரியானது. சிறுநீர்த் தொற்று திரும்ப வரவில்லை. இடுப்பு வலி இருக்கிறது. செட் மாத்திரை வாங்குவதில்லை.

44 என்பது இயல்பு அளவல்ல. நோய் இருக்கிறது, இனியும் இருக்கும். கசிவு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருப்பதும் வடிகட்டும் திறன் நிலையாக நிற்பதும் நல்ல அறிகுறிகள். “சரியாப் போச்சா?” என்று அவர் கேட்டபோது, “சரியாகலம்மா, நிறுத்தி வெச்சிருக்கோம்” என்றுதான் சொன்னேன்.

எங்களிடம் மாறியவை

எங்கள் கிளினிக்கில் சர்க்கரை நோயாளிக்கு இப்போது ‘யூரின் ரொட்டீன்’ என்று மட்டும் எழுதுவதில்லை. ‘காலை முதல் சிறுநீர், ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதம்’ என்று முழுதாக எழுதுகிறோம். டப்பாவை வாங்கும்போதே காய்ச்சல், எரிச்சல், மாதவிலக்கு உண்டா என்று டெக்னீஷியன் கேட்டுச் சீட்டில் குறிக்கிறார். கிரியேட்டினின் எண்ணோடு வடிகட்டும் திறனையும் கணக்கிட்டுப் போடுகிறோம். இரண்டாம் வகைச் சர்க்கரை கண்டுபிடித்த அன்றே முதல் பரிசோதனை, பிறகு ஆண்டுதோறும். முதல் வகையாக இருந்தால் ஐந்தாண்டு கழித்துத் தொடங்குகிறோம். வலி மாத்திரை பற்றி “வேற மாத்திரை ஏதாவது?” என்று பொதுவாகக் கேட்டால் இல்லை என்பார்கள். “செட் போடறீங்களா?” என்று கேட்டால்தான் பதில் வருகிறது.

இரண்டு டெஸ்டும் சேர்ந்தே வேண்டும் என்பதற்கு அதே குடும்பத்திலேயே இன்னொரு சான்று கிடைத்தது. தங்கைக்கு நடந்ததைக் கேட்டு, 14 ஆண்டுகளாகச் சர்க்கரை உள்ள அவருடைய 63 வயது அக்கா தானாகவே டப்பாவோடு வந்தார். அவருடைய ஏ.சி.ஆர். 14, முழுக்க இயல்பு. கிரியேட்டினின் 1.2, லேப் எல்லைக்குள்தான். ஆனால் அவர் வயதுக்கு அதைக் கணக்கிட்டால் வடிகட்டும் திறன் 51. ஆல்புமின் கசியாமலே திறன் குறையும் சர்க்கரைச் சிறுநீரக நோயும் உண்டு. சிறுநீரை மட்டும் பார்த்திருந்தால் இவரை வீட்டுக்கு அனுப்பியிருப்போம். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தபோதும் 52தான். அவருக்கும் இப்போது சிகிச்சை தொடங்கியிருக்கிறோம்.